14-ஆம் நம்பர் ஸ்டேஷன்

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் நாத்தம் பிடிச்ச எபிசோட். நிஜமாவே. சாக்கடைத் தண்ணி, ரேடியோ, வேலை கிடைக்காத ஒரு ஆள், "லைன் ஏன் கட் ஆகுது?"னு வாரக்கணக்கா முழிச்ச ஒரு கூட்டம். சாப்பிட்டுக்கிட்டே கேக்குறவங்க, முடிச்சுட்டு வந்து கேளுங்க. எபிசோட் எங்கயும் போயிடாது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம். பிரிஸ்பேன் நகரத்துக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் போனால் சன்ஷைன் கோஸ்ட் என்ற கடற்கரைப் பகுதி வரும். ஓய்வெடுக்கப் போகிறவர்களின் ஊர். 2000-ஆம் வருஷம் அந்தப் பகுதியில் ஒரு பெரிய துண்டை மரூச்சி ஷயர் கவுன்சில் என்ற உள்ளாட்சி நிர்வகித்து வந்தது. அதன் கழிவுநீர் அமைப்பில் மட்டும் 142 பம்பிங் ஸ்டேஷன்கள்.

எதுக்கு 142-னு கேக்கலாம். கழிவுநீர் பள்ளத்தை நோக்கித் தானாக ஓடும். ஆனா எல்லாப் பள்ளமும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேராது. அதனால் அங்கங்கே ஒரு ஆழமான தொட்டி கட்டி, தண்ணீர் அதில் சேரச் சேர பம்ப் வைத்து மேலே தூக்கி, அடுத்த சரிவுக்கு அனுப்புவார்கள். தொட்டியில் மட்டம் ஏறினால் பம்ப் ஓடணும். பம்ப் ஓடலைன்னா அலாரம் அடிக்கணும். அலாரம் யார் காதுலயும் விழலைன்னா, தொட்டி நிரம்பி, மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கிட்டு எல்லாம் தெருவுக்கு வரும். வீட்டுல ஃபிளஷ் பண்றவங்க யாரும் பம்ப் நின்னு போச்சேன்னு காத்திருக்க மாட்டாங்க இல்லையா.

142 இடத்திலும் ராப்பகலாக ஆளை உட்கார வைக்க முடியாது. அதனால் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு சிறிய கட்டுப்பாட்டுக் கணினியை வைத்தார்கள். அதன் பெயர் பி.டி.எஸ் காம்பாக்ட் 500. அது மைய அலுவலகத்திலிருந்து உத்தரவு வாங்கும், பம்பை ஓட்டும், நிறுத்தும், அலாரத்தைத் திருப்பி அனுப்பும். இவை தங்களுக்குள்ளும் மையத்தோடும் பேசியது தனியார் ரேடியோ அலைவரிசையில். பியூடெரிம், டுலாங் போன்ற உயரமான இடங்களில் ரிப்பீட்டர்கள். இதை நிறுவிக்கொடுத்த ஒப்பந்த நிறுவனம் ஹன்டர் வாட்டர்டெக்.

2000-ஆம் வருஷத்தோட ஆரம்ப மாதங்கள்ல இந்த அமைப்பு விநோதமா நடந்துக்க ஆரம்பிச்சது. ஓட வேண்டிய நேரத்தில் பம்ப் ஓடவில்லை. அடிக்க வேண்டிய அலாரம் மையத்துக்கு வந்து சேரவில்லை. சில ஸ்டேஷன்களோடு தொடர்பு திடீரென்று அறுந்தது. போய்ப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருந்தது. திரும்பி வந்தால் இன்னொரு இடத்தில் அறுந்தது.

இங்க கதையைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கிறேன். இந்த இஞ்சினியர்கள் எதை முதலில் சந்தேகப்பட்டாங்க, ஏன் அது முட்டாள்தனம் இல்லைன்னு புரியணும்னா, மெஷின்கள் ஒண்ணோட ஒண்ணு பேசக் கத்துக்கிட்ட வரலாறு கொஞ்சம் தெரியணும்.

ஒரு காலத்தில் தொழிற்சாலையில் ஒவ்வொரு கருவிக்கும் தனியாக ஒரு ஜோடி வயர். வெப்பநிலை பார்க்கும் கருவிக்கு ஒரு ஜோடி, அழுத்தம் பார்க்கும் கருவிக்கு இன்னொரு ஜோடி. அதில் ஓடியது 4 மில்லி ஆம்பியரில் இருந்து 20 மில்லி ஆம்பியர் வரை மின்னோட்டம். அளவு பூஜ்யம் என்றால் 4, முழு அளவு என்றால் 20. ஏன் 0-ல ஆரம்பிக்கலை? அதுலதான் அழகே இருக்கு. 0 வந்தால் அளவு பூஜ்யம் என்று அர்த்தமில்லை, வயர் அறுந்துவிட்டது என்று அர்த்தம். "ஒண்ணுமில்லை" என்பதும் "ஆளே இல்லை" என்பதும் வேற வேறனு அந்த ஒரு ஜோடி வயர் சொல்லிடும். அதற்கும் முன்னால் காற்றழுத்தத்தில் சேதி அனுப்பிய காலத்திலும் இதே யோசனைதான்: 3-லிருந்து 15 பி.எஸ்.ஐ. அங்கேயும் பூஜ்யம் என்றால் குழாய் போச்சு.

1968-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, ரிலேக்களால் நிரம்பிய தன் கட்டுப்பாட்டு அலமாரிகளுக்கு மாற்று கேட்டது. டிக் மார்லி என்பவரின் குழு ஒரு பெட்டியைக் கொடுத்தது. பெட்ஃபோர்ட் அசோசியேட்ஸ் என்ற அவர்களுடைய நிறுவனத்துக்கு அது 84-ஆவது ப்ராஜெக்ட். அதனால் பெட்டியின் பெயர் 084. பெயர் வைக்கறதுக்கெல்லாம் இஞ்சினியர்கள் நேரம் செலவழிக்க மாட்டாங்க. அதுக்காகத் தொடங்கிய நிறுவனம் மோடிகான். இன்றைக்கு எல்லாத் தொழிற்சாலையிலும் இருக்கும் பி.எல்.சி.க்கு அது ஒரு கொள்ளுத்தாத்தா. பெட்டிகள் பெருகின. பெட்டிகள் பேச வேண்டியிருந்தது. 1979-ல் மோடிகான் மோட்பஸ் என்ற பேச்சுமுறையை வெளியிட்டது.

பஸ்னா டவுன் பஸ் இல்ல. ஆனா ரொம்ப தூரமும் இல்ல. ஆம்னிபஸ் என்பது லத்தீன்ல "எல்லோருக்கும்". நம்ம ஆம்னி பஸ், இந்த வயர், ரெண்டுக்கும் ஒரே பூர்வீகம். ஒரே கம்பி, அதில் எல்லாக் கருவியும் தொங்கும். மையத்தில் இருப்பவர் "7-ஆம் நம்பர், உன் அளவு என்ன?" என்பார். எல்லோரும் கேட்பார்கள், 7 மட்டும் பதில் சொல்லும். மோட்பஸில் கருவிகளுக்கு 1 முதல் 247 வரை முகவரி கொடுக்கலாம். ஒவ்வொரு செய்தியின் வாலிலும் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். வழியில் ஒரு எழுத்து சிதைந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும், கேட்கிறவர் அந்தச் செய்தியைத் தூக்கி எறிந்துவிடுவார்.

கவனிச்சீங்களா? சரிபார்ப்பு எண் கேட்பது "செய்தி முழுசா வந்துச்சா?" என்று மட்டும்தான். "நீ நிஜமா 7-ஆ?" என்று யாரும் கேட்பதில்லை. 7 என்று சொன்னால் 7. தொழிற்சாலைச் சுவருக்குள்ளே, பூட்டிய அலமாரிக்குள்ளே ஓடும் வயர். அதில் வேற்று ஆள் வந்து பேசுவான் என்று 1979-ல் நினைக்க ஒரு காரணமும் இல்லை. எனக்கு அவங்க மேல கோபமும் இல்லை.

பிறகு வந்தவர்களும் அப்படித்தான் கட்டினார்கள். 1983-ல் ஆர்.எஸ்-485 என்ற மின் தரநிலை வந்தது. ஒரு ஜோடி முறுக்கிய வயர், 1,200 மீட்டர் வரை போகலாம். எண்பதுகளின் கடைசியில் ஜெர்மனியில் புரோஃபிபஸ் பிறந்தது, அந்த ஊதா நிற கேபிள். பிரான்ஸ் தன் பங்குக்கு ஒன்று, டென்மார்க் ஒன்று, அமெரிக்கா ஒன்றிரண்டு. இதையெல்லாம் சேர்த்து உலகத்துக்கே ஒரே ஒரு ஃபீல்டுபஸ் தரநிலை கொண்டு வரலாம் என்று எண்பதுகளின் நடுவில் கமிட்டி போட்டார்கள். பத்துப் பதினைந்து வருஷம் சண்டை போட்டு, 1999-ல் சமாதானமாகி, அந்த "ஒரே" தரநிலையில் எட்டு வகைகளைச் சேர்த்துவிட்டார்கள். சிரிக்காதீங்க, சர்வதேச தரநிலை அது. சண்டை முழுக்க எந்த வழி வேகமானது, எது நேரம் தவறாதது, யார் யாருக்கு முதலில் பேச உரிமை என்பதைப் பற்றி. பேசுகிறவன் யார் என்பது பெரிய கேள்வியாக இருக்கவில்லை.

சரி, இந்த மாதிரி ஒரு லைன்ல தொடர்பு விட்டுவிட்டுப் போனால் எங்கே தேடுவது? அனுபவசாலிகள் கிட்ட கேட்டா பெரும்பாலும் ஒரே வரிசைதான் சொல்வாங்க. முதலில் வயர், பிறகு வயர், அதற்கப்புறமும் வயர். லூசான ஸ்க்ரூ. மோட்டார் டிரைவ் கேபிளோடு ஒட்டிப் போட்ட சிக்னல் கேபிள். எர்த் ஆகாத ஷீல்டு. ஏ, பி என்று பெயர் போட்ட ரெண்டு வயரில் எது ஏ, எது பி என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும் அநியாயம்.

அப்புறம் டெர்மினேஷன். கேபிளின் ரெண்டு முனையிலும் ஒரு ரெசிஸ்டர் வைக்கணும். இல்லைன்னா சிக்னல் முனையில் போய் மோதி, கிணத்துக்குள்ள கத்தின குரல் மாதிரித் திரும்பி வந்து, பின்னால் வரும் சிக்னல் மேலேயே விழும். புரோஃபிபஸில் இது இன்னும் நுட்பம். அங்கே முனையில் மூன்று ரெசிஸ்டர்கள்: நடுவில் 220 ஓம், ரெண்டு பக்கமும் 390. அந்த 390-களுக்கு 5 வோல்ட் மின்சாரம் வேண்டும், அதைக் கொடுப்பது கடைசியில் இருக்கும் கருவியே.

நான் கொஞ்ச காலம் ஒரு தொழிற்சாலையில மெயின்டனன்ஸ்ல இருந்தேன். அங்க லைனோட நடுவுல இருந்த ரெண்டு டிரைவ், வாரத்துல ஒரு நாள் மட்டும் விட்டுவிட்டுத் தொடர்பு போகும். டிரைவை மாத்தினாங்க, கனெக்டரை மாத்தினாங்க, கேபிளையே புதுசா இழுத்தாங்க. வெண்டார் "உங்க வயரிங்" என்பார், நாங்க "உங்க டிரைவ்" என்போம். ஒரு மூத்த எலெக்ட்ரீஷியன் அண்ணன், டீ கிளாஸைக் கையில வச்சுக்கிட்டே கேட்டார்: "தம்பி, அந்தக் கோடியில கடைசியா இருக்கானே, அவன் அன்னைக்கு முழிச்சிருக்கானா தூங்குறானா, அதைப் பாருங்க முதல்ல." கடைசியில் இருந்தது பேக்கிங் மெஷின். வாரத்துக்கு ஒரு நாள் கழுவுறதுக்காக அதோட மெயின் சுவிட்சையே ஆஃப் பண்ணுவாங்க. அது தூங்கினால் டெர்மினேஷனுக்கு 5 வோல்ட் போச்சு. எதிரொலி கிளம்பி, நடுவில் இருக்கும் அப்பாவி டிரைவ் அடி வாங்கும். குற்றம் ஒரு இடம், வலி வேறு இடம்.

இது மாதிரி ஒண்ணு ரெண்டு பார்த்தவங்க யாரும், லைன் கட் ஆனா "யாரோ வேணும்னே பண்றாங்க"னு ஆரம்பிக்க மாட்டாங்க. ஆரம்பிக்கவும் கூடாது.

இந்த வரிசையின் கடைசியில் இன்னொரு சந்தேகம் உண்டு. முகவரி மோதல். ரெண்டு கருவிக்குத் தவறுதலாக ஒரே எண் கொடுத்துவிட்டால், "7, பேசு" என்றதும் ரெண்டும் சேர்ந்து பேசும். சில நேரம் ஒன்று முந்தும், சில நேரம் மற்றொன்று. வெளியிலிருந்து பார்த்தால் வயர்க் கோளாறு மாதிரியே இருக்கும். இதை மனசுல வச்சுக்கோங்க. மரூச்சிக்குத் திரும்பிப் போறோம்.

ஹன்டர் வாட்டர்டெக் ஆட்கள் முதலில் தங்கள் வேலையையே சந்தேகப்பட்டார்கள். புதிதாக நிறுவிய அமைப்பு, செட்டிங்கில் எங்கேயோ ஓட்டை என்று நினைப்பது இயல்பு. சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார்கள். கருவிகளைச் சோதித்தார்கள். எல்லாம் தேறியது. தொடர்பு மட்டும் அறுந்துகொண்டே இருந்தது. கவுன்சிலுக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க: காசு கொடுத்துக் கட்டின அமைப்பு, கட்டினவங்களே வந்து "எங்க சோதனைல எல்லாம் சரியா இருக்கு"ங்கறாங்க, வெளியே கழிவுநீர் வழியுது.

கடைசியில் ஒரு இஞ்சினியரை இதற்கென்றே ஒதுக்கினார்கள். அவர் செய்தது சினிமாவுக்கு லாயக்கில்லாத வேலை. ரேடியோவில் போகிற, வருகிற ஒவ்வொரு செய்தியையும் பதிவு செய்தார். எந்த ஸ்டேஷன், எந்த நேரம், என்ன உத்தரவு. பழுதைத் தேடி ஓடாமல், பேச்சை முழுக்கக் கேட்டார்.

கேட்கக் கேட்க ஒன்று தெரிந்தது. கோளாறு வரும் சமயங்களில் வந்த செய்திகள் 14-ஆம் நம்பர் பம்பிங் ஸ்டேஷனின் அடையாளத்தோடு வந்தன. அப்போ 14 பழுதாகியிருக்கும், அதானே? வயர் பிறகு வயர் என்று பழகிய மனசு அப்படித்தான் சொல்லும். மார்ச் மாதத்தில் அவர் நேரில் 14-க்குப் போனார். காம்பாக்ட் 500-ஐத் திறந்து சோதித்தார். நல்லாத்தான் இருந்தது.

இப்போ அவர் செஞ்ச காரியம் இருக்கு பாருங்க, இந்த எபிசோட் பண்ணணும்னு எனக்குத் தோணினதே அதுக்காகத்தான். அந்த ஸ்டேஷனின் அடையாள எண்ணை 14-லிருந்து 3-க்கு மாற்றிவிட்டு வந்தார். அவ்வளவுதான். இனி அந்தக் கருவி நிஜமாகப் பேசினால் 3 என்று சொல்லும். 14 என்று சொல்லிக்கொண்டு ஒரு செய்தி வந்தால், அதைச் சொல்ல அந்த ஊரில் எந்தக் கருவியும் இல்லை.

14 பேசியது.

மின் இரைச்சலால் இது முடியாது. இரைச்சல் செய்தியைக் கிழிக்கும், நடுவில் ஓட்டை போடும், சரிபார்ப்பு எண்ணைத் தப்பாக்கும். இல்லாத ஒரு ஸ்டேஷனின் பெயரைப் போட்டு, ஒழுங்கான இலக்கணத்தில் ஒரு உத்தரவை எழுதி அனுப்பாது. லூசான ஸ்க்ரூவுக்கு 14 என்று எண்ணத் தெரியாது. பல வாரமாகப் பழுது என்ற பெயரில் அலைந்த விஷயம் அந்த ஒரு நிமிடத்தில் ஒரு ஆளாக மாறியது. முகவரி மோதல்தான், ஆனா தவறுதலா வந்த மோதல் இல்ல.

அந்தப் பொய்ச் செய்திகளை ஒதுக்கும்படி அவர் தன் புரோகிராமை மாற்றினார். கொஞ்ச நேரம் பலித்தது. பிறகு அந்த ஆள் வேறொரு ஸ்டேஷனின் எண்ணைப் போட்டுக்கொண்டு வந்தான். எத்தனை எண்ணைத் தடுப்பது? 142 முகமூடி அங்கே தயாராகத் தொங்குகிறது. ஒரு ஸ்டேஷனைத் தடுத்தால் அதன் நிஜமான அலாரமும் சேர்ந்து தடைபடும்.

ஏப்ரல் 23, 2000. ஈஸ்டர் ஞாயிறு. மாலை ஏழரை மணிக்குப் பிறகு மறுபடி ஆரம்பித்தது. இந்த முறை 4-ஆம் நம்பர் ஸ்டேஷன் என்ற பெயரில் வந்த செய்திகள், நான்கு ஸ்டேஷன்களின் அலாரத்தைச் செயலிழக்க வைத்தன. ஒன்பது மணிக்குப் பிறகு அடங்கியது. ஆனால் இதற்குள் போலீஸ் ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்காணித்து வந்திருந்தது. அன்றிரவு அவருடைய காரை மறித்தார்கள். உள்ளே ஒரு லேப்டாப், ஒரு மோட்டரோலா ரேடியோ, கேபிள்கள், அப்புறம் ஒரு காம்பாக்ட் 500. பம்பிங் ஸ்டேஷனில் சுவரில் இருக்க வேண்டிய கருவி. அதன் முகவரி 4 என்று வைக்கப்பட்டிருந்தது.

அதாவது அந்தக் கார்தான் ஒரு பம்பிங் ஸ்டேஷன். பம்ப் மட்டும் இல்லை.

ஆளின் பெயர் விடெக் போடன். ஹன்டர் வாட்டர்டெக்கில் இந்த அமைப்பை நிறுவிய வேலைக்கே தள மேற்பார்வையாளராக இருந்தவர். 1999 டிசம்பரில் ராஜினாமா செய்தார். கவுன்சிலில் வேலை கேட்டார், பிறகு பார்க்கலாம் என்றார்கள். ஜனவரியில் மறுபடி கேட்டார், இல்லை என்றார்கள். காரில் இருந்த காம்பாக்ட் 500, அதன் சீரியல் எண்ணின்படி ஹன்டர் வாட்டர்டெக் வசம் இருந்திருக்க வேண்டியது. லேப்டாப்பில் அந்த அமைப்பை இயக்கும் சாஃப்ட்வேர் இருந்தது. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் 23 வரை குறைந்தது 46 முறை இப்படி நுழைந்ததாகப் பிற்பாடு கணக்கிட்டார்கள்.

இந்தக் கதையை இன்டர்நெட்ல தேடினா "உலகத்தின் முதல் சாக்கடை ஹேக்கர்" மாதிரி தலைப்பு வரும். எனக்கு அந்த வார்த்தை ஒப்பவே இல்லை. ஹேக்கர்னா ஒரு பூட்டை உடைக்கணும். இங்கே உடைக்கப் பூட்டே இல்லை. சரியான கருவி, சரியான சாஃப்ட்வேர், சரியான அலைவரிசை, ஒரு எண். அமைப்பு எப்படி வேலை செய்யணும்னு வடிவமைச்சாங்களோ அப்படியேதான் கடைசி வரைக்கும் வேலை செஞ்சது. 14 என்று சொன்னவனை 14 என்று நம்பியது.

வழக்கு மரூச்சிடோர் நீதிமன்றத்தில் நடந்தது. சுவாரசியம் என்னன்னா, அங்கேயும் அதே பழைய கேள்விதான் வந்து நின்னது: பழுதா, ஆளா? புதிதாகப் போட்ட அமைப்பு, தானாகவே தடுமாறியிருக்கலாமே என்பது எதிர்த்தரப்பு வாதத்தின் முக்கியமான பகுதி. நியாயமான கேள்வி. எந்தப் பழைய லாக்கை எடுத்தாலும் அதில் நிஜப் பழுதும் கலந்துதான் இருக்கும். இது மனிதன் செய்ததுதான் என்று காட்டுவதற்கே அரசுத் தரப்பு நிறைய மெனக்கெட வேண்டியிருந்தது. அந்த இஞ்சினியர் பொறுமையாகப் பதிவு செய்து வைத்த செய்திகள் இல்லையென்றால் அந்த வாதம் எங்கே போய் நின்றிருக்கும் என்று சொல்வது கஷ்டம். 2001 அக்டோபர் 31 அன்று இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை. சுத்தப்படுத்திய செலவுக்காகக் கவுன்சிலுக்குச் சுமார் 13,000 ஆஸ்திரேலிய டாலர்.

அந்தச் செலவு எதுக்குன்னா, மொத்தம் சுமார் 8 லட்சம் லிட்டர் சுத்திகரிக்காத கழிவுநீர் பூங்காக்களிலும் ஆறுகளிலும் ஒரு ஹயாத் ரீஜென்சி ஹோட்டல் வளாகத்திலும் போய்ச் சேர்ந்தது. ஒரு ஓடையின் தண்ணீர் கறுத்தது, மீன்கள் செத்தன, பக்கத்தில் குடியிருந்தவர்களால் நாற்றம் தாங்க முடியவில்லை. ஹோட்டல் பெயர் எல்லாக் கட்டுரையிலும் வரும். ஓடைக்குப் பெயர் போடறவங்க ரொம்பக் கம்மி.

2008-ல் மார்ஷல் ஏப்ரம்ஸ், ஜோ வைஸ் என்ற இருவர் இந்தச் சம்பவத்தை ஒரு விரிவான ஆய்வாக எழுதினார்கள். தொழில்துறைக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் பாதுகாப்பைப் படிக்கிற எவரும் இன்று அதைத் தாண்டிப் போக முடியாது. அவர்கள் எழுதிய ரெண்டு வருஷத்தில், 2010-ல், ஸ்டக்ஸ்நெட் வெளிச்சத்துக்கு வந்தது. ஈரானின் நடான்ஸ் யுரேனியம் செறிவூட்டல் நிலையத்தைக் குறிவைத்த நிரல். அது தேடியது எதை தெரியுமா? சீமென்ஸ் பி.எல்.சி., அதில் ஒரு புரோஃபிபஸ் கார்டு, அந்தப் புரோஃபிபஸில் குறிப்பிட்ட ரெண்டு நிறுவனங்களின் டிரைவ்கள். ஒன்று ஃபின்லாந்துடையது, இன்னொன்று ஈரானுடையது. அந்த ஊதா கேபிளில் யார் தொங்குகிறார்கள் என்று பார்த்து, ஆள் சரி என்றால் மட்டும் வேலையைக் காட்டும்.

மரூச்சியோட வச்சுப் பார்த்தா எனக்கு இதுதான் அதிகம் பயமுறுத்துது. மரூச்சியில் தொடர்பு அறுந்தது, அதனால் ஒருத்தர் தேடிப் போனார். ஸ்டக்ஸ்நெட் தொடர்பை அறுக்கவில்லை. டிரைவின் வேகத்தை மாற்றிக்கொண்டே, பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாக இருப்பது போலக் காட்டும் வேலையும் அதில் இருந்தது. திரையில் பச்சை, தரையில் உடைந்த சென்ட்ரிஃபியூஜ். அந்த நிலையத்தில் யாருக்கு "14-ஐ 3 ஆக்கிப் பார்ப்போம்" என்று தோன்றும்?

மாற்றம் வரலைன்னு சொல்ல முடியாது. 2018-ல் மோட்பஸுக்கே ஒரு பாதுகாப்பான வடிவம் வெளியிட்டார்கள். நீங்க பேங்க் வெப்சைட்டுக்குப் போறப்போ உலாவியில பூட்டுப் படம் வருதே, அதே தொழில்நுட்பத்தில் யார் பேசுகிறார்கள் என்று சான்றிதழ் கேட்கும். ஆனால் அது ஈதர்நெட் வழியாகப் போகும் மோட்பஸுக்கு. ரெண்டு வயரில் போகும் பழைய மோட்பஸ் இன்னமும் தண்ணீர்த் தொட்டியிலும் லிஃப்டிலும் சோலார் இன்வெர்ட்டரிலும் ஓடிக்கொண்டிருக்கிறது, 1979-ல் பேசிய அதே பாஷையில். அதை நாளைக்கே மாத்துங்கன்னு சொல்றவங்க, அந்தக் கருவிகளோட ஆயுள் இருபது முப்பது வருஷம்ங்கறதை மறந்துட்டுப் பேசறாங்க. மாற்றுகிற வரைக்கும், லைன் கட் ஆனால் முதலில் வயரைத்தான் பார்ப்போம். ஸ்க்ரூ, ஷீல்டு, கடைசியில் இருப்பவன் தூங்குகிறானா முழித்திருக்கிறானா. எல்லாம் தேறி, அப்பவும் அறுந்தால், ரெக்கார்டரை மாட்டிவிட்டு உட்கார்ந்து கேட்கணும்.

2008 மார்ச்சில் உள்ளாட்சிகளை இணைத்தபோது மரூச்சி ஷயர் பக்கத்து உள்ளாட்சிகளோடு சேர்ந்து சன்ஷைன் கோஸ்ட் என்ற ஒரே கவுன்சிலாகிவிட்டது. ஏப்ரம்ஸும் வைஸும் எழுதிய ஆய்வு வந்தது அதே வருஷம் ஜூலையில், தலைப்பில் மரூச்சி என்ற பெயரோடு.

அடுத்த எபிசோட்ல இன்னும் பழைய ஒரு லைன் கட் கதை: 1858-ல் அட்லாண்டிக் கடலடியில் போட்ட முதல் தந்திக் கேபிள். விக்டோரியா ராணியின் 98 வார்த்தைச் செய்தி போய்ச் சேர 16 மணி நேரம் ஆச்சு, சில வாரத்துல கேபிளே செத்துப்போச்சு. கொன்னது யாருங்கறதுல ஒரு பெரிய விசாரணையே நடந்தது. சந்திப்போம்.